சுவரில் மண்கோடா? உடனே துடைக்காதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சொந்த வீட்டில் இருப்பவர்களில் கரையானைப் பார்க்காதவர்கள் குறைவு. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம் என்று எந்தத் தெருவில் நின்றாலும் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கும். தோப்பும் வயலுமாக இருந்த இடத்தில் மனை பிரித்து, சவுடு கொட்டி மேடாக்கி, வீடு கட்டியிருக்கிறோம். வெட்டிய மரத்தின் வேர் அடியில் கிடக்கிறது, ஈரமும் காயவில்லை. கரையானுக்கு வேறென்ன வேண்டும்? கதவை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் வருஷா வருஷம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். கவனிக்க வேண்டியது மண்ணையும் தண்ணீரையும்.

1. சுவரிலோ நிலையிலோ பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் முதலில் துடைப்பத்தை எடுக்காதீர்கள். அது கரையான் போய்வரும் வழி. வெளிக்காற்று பட்டால் உடம்பு காய்ந்து செத்துவிடும் என்பதால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கூரை போட்டுக்கொண்டு நடக்கிறது. கோட்டின் நடுவில் ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று சில ஓடும். தலை மட்டும் பழுப்பாக இருப்பவை காவல் கரையான்கள். உடைந்த இடத்துக்கு அவைதான் முதலில் வரும். பக்கத்தில் பென்சிலால் தேதியைக் குறித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று நாளில் உடைப்பை ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று பொருள். அடைக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம், வழியை மாற்றியிருக்கலாம். கோட்டைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போய் அது எங்கே புறப்படுகிறது என்று பாருங்கள். ஸ்கர்ட்டிங் டைல்ஸின் இடுக்கா, பாத்ரூம் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையா, நிலைக்காலின் அடியா? மருந்து போக வேண்டிய இடம் அதுதான். மொத்தத்தையும் துடைத்துவிட்டால் மருந்து அடிக்க வருகிறவருக்குக் காட்ட ஒன்றுமிருக்காது.

2. மரத்தை அரிப்பதெல்லாம் கரையான் இல்லை. மண் இருந்தால் மண்ணிலிருந்து வரும் கரையான். மண்ணே இல்லாமல் கதவுக்கு அடியில் கசகசா போன்ற சின்னச் சின்ன உருண்டைகள் குவிந்திருந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். அந்த உருண்டைகள் அதன் எச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை தெரியும். மாவு போல நைசான தூள் கொட்டி, மரத்தில் ஊசித் துளைகள் தெரிந்தால் அது உளு, அதாவது ஒரு வகை வண்டு. முதலாவதுக்குத்தான் தரையைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்த மரச்சாமானுக்கு மட்டும் வைத்தியம் போதும். உளுத்த கட்டிலைக் காட்டியதும் வீடு முழுக்க ட்ரில் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

3. மாதம் ஒருமுறை நிலைகளைத் தட்டிப் பாருங்கள். சாவிக்கொத்தோ ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியோ போதும். கெட்டியான மரம் ‘டக்’கென்று சொல்லும், உள்ளே தின்று தீர்த்த மரத்தின் சத்தம் பொத்தென்று இருக்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் தட்டுவதுதான் முக்கியம், அதிலும் பாத்ரூம் நிலை, அடுப்படி நிலை, கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும் கபோர்டின் பின்பலகை. கரையான் வெளிப்பெயின்ட்டைத் தொடாது. உள்ளே இருப்பதை நரம்புவாக்கில் தின்றுவிட்டு, பெயின்ட்டை மட்டும் தோலாக விட்டுவைக்கும். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாக அழுத்துங்கள். தடுக்காமல் உள்ளே இறங்கி, நுனியில் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் வேறு பரிசோதனை வேண்டாம்.

4. மழை விட்ட மாலையில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தால் பதற வேண்டியதில்லை. தெருவிலிருந்து வந்தவை, விளக்கை அணைத்து ஜன்னலை மூடினால் போய்விடும். பல்லிக்கு அன்றைக்கு விருந்து, அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் எல்லாம் மூடியிருக்க, சுவர் வெடிப்பிலிருந்தோ ஸ்கர்ட்டிங் இடுக்கிலிருந்தோ ஈசல் புறப்பட்டு வந்தால் கூடு வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஈசல் என்பதே இறக்கை முளைத்த கரையான்தான். கூடு நன்றாக வளர்ந்த பிறகே அவற்றை வெளியே அனுப்பும். காலையில் கூட்டும்போது இறக்கைகள் எந்த மூலையில் குவிந்திருக்கின்றன என்று பார்த்து அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். இறக்கை எறும்போடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் அடையாளம்: ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு குறுகாது. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

5. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாய் சுவரோரமே விழுகிறதா? ஏ.சி. தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் சொட்டுகிறதா? வாஷிங் மெஷின் குழாய் கசிகிறதா? பாத்ரூம் சுவரின் மறுபக்கம் பெட்ரூம் கபோர்டு இருந்தால் அதுதான் முதல் பலி. நம் பகுதியில் இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போக, வீடுகள் சாலைக்குக் கீழே இறங்கிவிட்டன. மழைத் தண்ணீர் வாசலுக்குள் வந்து வடிய இடமில்லாமல் சுவருக்குள் ஊறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் புகுந்த வீடுகளில், நனைந்த ப்ளைவுட் கபோர்டு வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் வெகுநாள் நின்றிருக்கும். கழற்றக்கூடியதாக இருந்தால் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

6. மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது? ஆன்லைனில் வாங்கிய பொருள்களின் அட்டைப் பெட்டிகள், பழைய பேப்பர், வீடு கட்டியபோது மிச்சமான சென்ட்ரிங் பலகை, மாமரத்தை வெட்டியபோது வந்த விறகு. இவை மண்ணைத் தொட்டுக்கொண்டும் சுவரை ஒட்டிக்கொண்டும் கிடந்தால் கரையானுக்கு வாசலில் கோலம் போட்டு வைத்த மாதிரி. வைத்தே ஆக வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்டில், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள்.

7. மண்ணெண்ணெய், உப்பு, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பட்ட இடத்தில் பட்ட பூச்சி சாகலாம், அது உண்மை. ஆனால் நிலையில் ஓடுவது இரை எடுக்க வந்த வேலைக்காரக் கரையான்கள்; முட்டையிடும் ராணி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. செத்த கணக்கை அது சீக்கிரமே ஈடுகட்டிவிடும். கதவின் பின்புறத்துக்கு வேப்பெண்ணெய் தடவுவதில் தவறொன்றுமில்லை, அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. மண்ணெண்ணெயை அடுப்படிப் பக்கம் கொண்டே போகாதீர்கள்.

8. மருந்து அடிக்க ஆள் வரப்போகிறார் என்றால், அதற்கு முன் கரப்பான் ஸ்ப்ரேயை அந்த இடத்தில் அடிக்காதீர்கள். கரையான் அந்த வழியை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடும். இப்போது பயன்படுத்தும் இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் போன்ற மருந்துகள் வாசனை காட்டாமல், தாமதமாகக் கொல்பவை. மருந்து பட்ட மண்ணில் நடந்த கரையான் கூட்டுக்குத் திரும்பி, ஒன்றையொன்று நக்கும்போதும் ஊட்டும்போதும் மற்றவற்றுக்கும் அதைத் தொற்றவைக்கும். அதற்குப் பழைய வழி உயிரோடு இருக்க வேண்டும்.

9. பெஸ்ட் கண்ட்ரோல்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். முதலில் உரிமம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி கட்டணம் வாங்கி மருந்து அடிப்பவருக்கு உரிமம் வேண்டும். நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்து, என்ன மருந்து, எத்தனை சதவீதம்? டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், உங்கள் கண்ணெதிரே கலக்கச் சொல்லுங்கள். 20 சதவீத குளோர்பைரிபாஸ் என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. கட்டி முடித்த வீடுகளில் கரையான் மருந்து ஏற்றுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு: ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. அதன்படி உள்தரையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில், ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, மண் குடிக்கும் வரை, அதிகபட்சம் துளைக்கு ஒரு லிட்டர் ஏற்ற வேண்டும். வெளியே சிமெண்ட் தளம் போட்டிருந்தால் சுவரை ஒட்டி அதே இடைவெளியில் துளை, ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.25 லிட்டர் மருந்துக் கலவை.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் சுற்றளவு 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர் என்றால், வெளிப்பக்கத்துக்கு மட்டுமே 67 லிட்டர் ஆகிறது. உள்ளே அறை அறையாகத் துளை போட்டால் இன்னொரு மடங்குக்கு மேல். ஒரு பக்கெட் கலவையோடு வந்து அரைமணியில் முடித்துக் கொடுத்து ‘5 வருஷம் வாரண்டி சார்’ என்று கார்டு நீட்டுபவர் என்ன ஏற்றியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வாரண்டி கார்டில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை துளை, திரும்ப வந்தால் இலவசமாக அடிப்பார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ‘மருந்து நெடியே இல்லையே, வெறும் தண்ணீரா’ என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். குளோர்பைரிபாஸ் நெடி அடிக்கும், இமிடாகுளோபிரிட்டுக்கு அவ்வளவாக நெடி கிடையாது.

10. மருந்து ஏற்றும் நாளில் சம்ப்பின் மூடியைப் பாலிதீன் போட்டு இறுக்குங்கள். கிணறோ போர்வெல்லோ வீட்டை ஒட்டி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தப் பக்கம் வேறு முறைதான் செய்ய வேண்டும். மீன்தொட்டியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மீனுக்கு இந்த மருந்துகள் ஆகவே ஆகாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்கு உறவினர் வீட்டில் இருக்கட்டும். டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும்: சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மிச்சம் மருந்தை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளவே கூடாது.

‘அந்தக் காலத்தில் ஒருமுறை அடித்தால் இருபது வருஷம் தாங்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது பொய் இல்லை. அப்போது அடித்தது ஆல்ட்ரின், குளோர்டேன். மண்ணில் மக்காமல் கிடந்து தண்ணீரிலும் உடம்பிலும் சேர்ந்ததால்தான் அவற்றைத் தடை செய்தார்கள். 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளோடு, குளோர்பைரிபாஸும் சேர்ந்துவிட்டது. மாற்று இருக்கும்போது அந்த மாற்றைக் கேட்டு வாங்குவதே என் யோசனை.

11. ஸ்விட்ச் போர்டுக்குள் மண் தெரிந்தால் எந்தத் திரவத்தையும் அடிக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயர் போகும் பைப் வழியாகவே அடுத்த அறைக்குப் போயிருக்கும், மற்ற போர்டுகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

12. அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்காரர் ‘எங்களுக்கென்ன’ என்று இருக்க முடியாது. குழாய்கள் போகும் டக்ட், லிஃப்ட் குழி, தூண் ஓரம் வழியாகக் கரையான் ஏறும். மேலே எங்காவது நிரந்தரக் கசிவு இருந்தால் மண்ணுக்கு இறங்காமலே அங்கேயே தங்கிக்கொள்ளும் வகையும் உண்டு. ஒரு வீட்டுக்காரர் மட்டும் மருந்து அடித்தால் அது பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்ட கதையாகவும் முடியலாம். சங்கக் கூட்டத்தில் பேசி, தரைத்தளம் முழுவதற்கும் சேர்த்து அடிப்பதுதான் உருப்படியான வழி. அந்தக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்த பிறகு இதை எடுங்கள்.

13. மனையில் புற்று எழும்பினால்? திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் புற்றுக்குப் பால் வார்த்துவிட்டு வருகிறவர்கள் நாம். வீட்டு மூலையில் புற்று முளைத்ததும் மஞ்சள் தெளித்துக் குங்குமம் வைக்கும் மாமியாரிடம் கடப்பாரையோடு போய் நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். வெட்டவெளியில் புற்றுக் கட்டும் கரையான் பெரும்பாலும் சருகையும் காய்ந்த கட்டையையும் தின்று பிழைப்பது. புற்று வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் அதை விட்டுவிட்டு, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணுக்கு மட்டும் மருந்து ஏற்றிக்கொள்ளலாம். சுவரை ஒட்டியோ உள்ளேயோ எழும்பினால் வேறு வழியில்லை. மேலே இடித்தால் மட்டும் போதாது. புற்றில் பல இடத்தில் கடப்பாரையால் துளையிட்டு, ஒரு கன மீட்டர் அளவுள்ள புற்றுக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் மருந்துக் கலவை ஊற்ற வேண்டும். அதற்கு முன் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நீங்கள் இல்லை. ஏரியோர மனைகளில் நல்ல பாம்பு சர்வசாதாரணம். தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொன்னால் பிடிக்க வருவார்கள்.

14. புதிதாகக் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்திலேயே மருந்து அடித்துவிட்டால் செலவு சொற்பம். வானம் தோண்டிய குழியின் அடியிலும் பக்கத்திலும் ஒரு முறை, பேஸ்மென்ட் நிரப்பி கான்கிரீட் போடும் முன் மேல்மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் இன்னொரு முறை. மழை பெய்யும்போதும் மண் சொதசொதவென்று இருக்கும்போதும் அடித்தால் வீண். அடித்த மண்ணைப் பிறகு கிளறவும் கூடாது. ப்ளம்பர் வந்து குழாய்க்குத் தோண்டினால் அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப அடிக்க வேண்டும். மருந்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பேஸ்மென்ட்டுக்குள் சவுடு கொட்டும்போது உடைந்த சென்ட்ரிங் கட்டை, சிமெண்ட் பை, தென்னை மட்டை எதுவும் அதோடு போகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

15. மரவாடிக்குப் போனால் ‘தேக்கு’ என்ற சொல்லில் மயங்க வேண்டாம். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியைத்தான் கரையான் சுலபத்தில் தொடாது. ஓரத்து வெள்ளையை மற்ற மரத்தைப் போலவே தின்னும். வெள்ளை ஓடிய சட்டத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். இடித்த வீட்டுப் பழைய பர்மா தேக்கு நிலை கிடைத்தால் நல்லதுதான், துளையும் தூளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ப்ளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை. பார்ட்டிகிள் போர்டைச் சுவரோடு ஒட்டி வைப்பது நம் ஊருக்குத் தாங்காது. பாத்ரூமுக்குக் கிரானைட் நிலை, பி.வி.சி. கதவு போட்டுவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை. நிலைக்காலைத் தரைக்குள் புதைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்; மரம் நேராக மண்ணைத் தொடாமல், கான்கிரீட்டுக்கு மேல் நிற்கட்டும்.

16. பத்திரம், பட்டா, சர்டிபிகேட், பட்டுப்புடவை எல்லாம் இரும்பு பீரோவில்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். பீரோவின் பின்தகட்டில் ஒரு சின்ன இடுக்கு போதும். 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் நோட்டுகளைக் கரையான் தின்றது. 2023-இல் மொராதாபாத்தில் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு பெண் லாக்கரில் வைத்திருந்த 18 லட்சமும் அப்படியே போனது. இப்போதைய ஒப்பந்தப்படி லாக்கரில் ரொக்கம் வைக்கவே கூடாது, அது வேறு விஷயம். பீரோவைச் சுவரிலிருந்து கையை விட்டுத் துழாவும் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். காகிதங்களை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கிரயப் பத்திரம் அரிபட்டுப் போனால், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆவண எண்ணும் ஆண்டும் வேண்டும், அவற்றைக் குடும்பத்தில் இன்னொருவரும் குறித்துவைத்திருக்கட்டும்.

17. இதற்கெல்லாம் தனியாக நாள் பார்க்க வேண்டாம், போகி இருக்கவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும் நேரம். கரையான் மும்முரமாக இருக்கும் நேரமும் அதுவே. எப்படியும் பீரோவை நகர்த்தப் போகிறோம், பரணைக் காலி செய்யப் போகிறோம். கையோடு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கைப் பார்த்துவிடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால், அவர் சுரண்டத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டும். பெயின்டர் கைபட்டால் மண்கோடு மாயமாகிவிடும், கரையான் அங்கேயேதான் இருக்கும்.

18. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கரையான்சாவடியிலோ திருமுல்லைவாயலிலோ தரைத்தள வீடு பார்க்கப் போனால், புதுப் பெயின்ட் வாசனையில் சொக்கிவிடாமல் பாத்ரூம் நிலையை விரலால் தட்டுங்கள், கபோர்டின் கீழ்த்தட்டைத் திறந்து மூலையைப் பாருங்கள். ஏற்கெனவே அரித்திருந்தால் படம் எடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ‘சின்ன விஷயம், குடிவந்த பிறகு பார்த்துக்கலாம்’ என்று வீட்டுக்காரர் சொன்னால், மருந்து அடித்த பிறகு அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.